ஓரெழுத்து

இந்தச் சனிக்கிழமை பள்ளியைக் கழுவும் முறை எங்கள் வீட்டுக்கு.
சாவி மழைநீர்ப் பீப்பாய்க்குப் பின்னால்.

நகராட்சி மூடிவிட்டுப் போன கட்டடம்.
டென்மார்க்கின் வரைபடத்தில்
அச்சுப்பிழை போலக் கிடக்கும் தீவுக்கு
எதற்குத் தனியாக ஒரு பள்ளி என்றார்கள்.
அந்தக் குளிர்காலமே கூடினோம்:
பன்றிப் பண்ணை வைத்திருக்கும் தோர்கில்,
படகில் என்ஜின் பார்க்கும் நான்,
விவாகரத்தான பின்பும் ஒரே காரில் வந்த இருவர்.
கூரையை நாங்களே மாற்றினோம்.
சம்பளத்துக்கு இரண்டு ஆசிரியர்கள்,
துடைப்பத்துக்கு மற்ற எல்லோரும்.

முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டு அறைகள்.
வாசலில் செருப்புகள்
இருபத்தேழாம் எண்ணிலிருந்து முப்பத்தெட்டு வரை
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.
எந்த வகுப்பு என்று கேட்டால்
கடல் தெரியும் அறை என்பார்கள், அல்லது
கடல் தெரியாத அறை.
மேசைக் கால்களை வெவ்வேறு உயரத்தில் அறுத்தோம்.
கணக்கு தப்பி ஒன்று இன்னும் ஆடுகிறது.
அதற்கு முட்டுக்கொடுக்கும் அட்டை
வாரத்துக்கு ஒருமுறை காணாமல் போகும்.

என் மகன் எஸ்கில்டுக்குப் பத்து வயது.
கயிற்றில் ஏழு வகை முடிச்சுப் போடுவான்.
முரண்டு பிடிக்கும் சைக்கிள் சங்கிலி
அவன் கை பட்டால் அடங்கும்.
வாசிக்க மட்டும் வராது.
புத்தகத்தைத் திறந்தால் வயிறு வலிக்கும்,
பொய்யில்லை, உண்மையாகவே வலிக்கும்.
நிபுணர் ஒருவர் என் படகிலேயே வந்தார்,
ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.
அவனை அக்கரைப் பள்ளிக்கு அனுப்பாதது
அவனுக்காகவா, என் வெட்கத்துக்காகவா என்று
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காய்ந்த பசையைச் சுரண்ட
ஜன்னலோர மேசைக்கடியில் நுழைந்தேன்.
பலகையின் அடிப்பக்கம் முழுக்கப் பென்சில்.
ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு.
ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு.
அடித்துப் போட்ட பூஜ்யங்கள்,
நாற்பதோ ஐம்பதோ.
யாருக்கு இவ்வளவு கோபம்?

ஈரத் தரையில் முதுகைக் கிடத்திப் பார்த்தபோதுதான்
எழுத்து என்று தெரிந்தது.
தீவு என்று சொல்ல எங்கள் மொழிக்கு
ஒரே எழுத்து போதும்.
சுற்றிலும் கரை, குறுக்கே ஒரு சாலை.

இடப்பக்கம் இருந்தவை பொடியவை,
அழுத்தி அழுத்தி முனை உடைந்தவை:
டாக்னி, ஆறு வயது, முன்பல் இல்லாதவள்.
வலப்பக்கம் என் மகன்.
அவன் வட்டங்கள் மேலே மூடுவதில்லை.
பிறந்தநாள் அட்டைகளில் பார்த்திருக்கிறேன்.

போன மாதம்தான் அவளுக்கு எழுத்து வந்தது.
எழுத்து வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்பது
அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.
நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம், நிபுணர் உட்பட.

அடுத்த வரிசையில்
தலையில் வளையம் வைத்த எழுத்து: ஓடை.
அதுவும் ஓரெழுத்துதான்.
அதற்கப்பால், திடீரென்று நீளமாக,
ஒரு படகு.
ஐந்தெழுத்தில் ஒன்று கடலில் விழுந்திருந்தது.
அது அவன் கை. அவளுடையது இல்லை.

என் பையில் பென்சில் இருந்தது.
விரல் அரித்தது.
எழுந்து போய்க் கழிப்பறையைக் கழுவினேன்.

முறைப் புத்தகத்தில் எழுதினேன்:
கெட்டிலில் உப்புப் படிந்திருக்கிறது.
பின்கதவின் கீல் கிரீச்சிடுகிறது.
ஜன்னலோர மேசை, அடிப்பக்கம்: தொடவில்லை.
தேதி போட முந்தைய பக்கத்தைப் பார்த்தேன்.
போன சனிக்கிழமை, தோர்கிலின் கொழகொழ எழுத்தில்:
மேசைக்கடியில் துடைக்கவில்லை.
அதற்கு முந்தைய வாரம், வேறொரு கை:
ஜன்னல் பக்க மேசை, அப்படியே.

முதுகு காயாமலே இரண்டு மணிப் படகுக்குப் போனேன்.
தோர்கில் பன்றித் தீவனத்தோடு ஏறினார்.
என் சட்டையின் ஈரத்தைப் பார்த்தார்,
தோள் முதல் இடுப்பு வரை.
காற்று மேற்கிலிருந்து வருகிறது என்றார்.
ஆமாம் என்றேன்.